கை வரவில்லை

போன மாதம் எங்கள் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றிருந்தேன். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். தினமும் பெங்களூர் போய் வருகிற கூட்டத்துக்கு நடுவிலிருந்து சரவணன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். நான் வேலையில் இருந்தபோது எனக்கு உதவியாளனாக இருந்தவன். இப்போது பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கே அவன்தான் தலை.

"அண்ணே, நேத்து எங்களுக்கு ஒரு கிளாஸ் வெச்சாங்கோ. கம்ப்யூட்டர்லயே. நம்ம மனசுக்கே தெரியாம ஆள் பாத்து வேலை செய்றது எப்படின்னு."

"அதை வேற கிளாஸ் வெச்சி சொல்லித் தராங்களா?"

"செய்யாம இருக்கறது எப்படின்னு, அண்ணே. நாப்பது நிமிஷம். கடைசில பத்து கேள்வி. எனக்கு நூத்துக்கு நூறு. சர்டிபிகேட்டு போன்லயே வந்துடுச்சி." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "உங்களைத்தான் நினைச்சிகினேன். அந்த சாக்பீஸ் கதையை எழுதிக் குடுங்க. எங்க பசங்க படிக்கட்டும்."

நாற்பது நிமிடத்தில் நூற்றுக்கு நூறு என்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது உண்மை. எனக்கு அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை. சரவணனுக்குத் தெரிந்ததோ பாதிக் கதை, அதுவும் நான் நல்லவனாகத் தெரிகிற பாதி. முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கௌதமன். எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து இந்தத் தங்க வயலுக்கு வந்து, இங்கே பௌத்தரானவர். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜில் என்னை ஒரு நாளும் ஏற விடவில்லை. "உங்க தாத்தனும் நானும் எறங்கனதே போதும்" என்று ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டார். வெல்டிங் படித்தேன். ஊருக்கு வெளியே கனரக வண்டிகளுக்குச் சட்டம் செய்கிற ஒரு தனியார் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பத்து வருடம் முகமூடி மாட்டிக்கொண்டு பத்தவைத்தேன். பிறகு மற்றவர்கள் பத்தவைத்ததைப் பார்த்துச் சரி, தவறு சொல்கிற பரிசோதகன் ஆனேன். ஓய்வு பெறும் வரை அதே வேலை.

தொழிற்சாலையில் எங்கள் வெல்டிங் ஷாப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது குழம்பு வாசனைதான். வெல்டிங் ராடுகள் ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் அவற்றைச் சூடாக வைக்கும் அடுப்பு ஒன்று இருக்கும். அதன் மேல் எங்கள் டிபன் பாக்ஸ்களை வரிசையாக அடுக்கிவிடுவோம். அது விதிக்கு விரோதம். பதினோரு மணிக்கெல்லாம் கருவாட்டுக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் ஷாப் முழுக்க மணக்கும். எங்கள் மேலாளர் நாகராஜப்பா அந்தப் பக்கம் வரும்போது மட்டும் சரியாக எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மார்கழிக் குளிரில் அந்த அடுப்பைச் சுற்றி நின்று நாங்கள் அடித்த அரட்டைக்கு ஈடாக எனக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை.

நாகராஜப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோலார்க்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். வயதில் சின்னவனைக்கூடப் பெயரோடு "அவ்ரே" சேர்த்துத்தான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவரிடம் கஷ்டமான விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் அதைச் சொல்லிவிட்டு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். சொன்னதோடு தனியாக உட்கார்ந்திருக்க நம்மை விட்டுவிடுவார். திட்டு வாங்கினால் ஆறிவிடும். அவருடைய டீக்குப் பயப்படாத ஆள் எங்கள் ஷாப்பில் கிடையாது.

ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை வைப்போம். இரண்டு கனத்த தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தி, இடையில் உள்ள பள்ளத்தைக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மேலே ஏற ஏற உருகிய இரும்பு கீழே வழியப் பார்க்கும். அதை வழிய விடாமல் பிடித்து நிறுத்துவதில்தான் கை தெரியும். ஆறிய பிறகு கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, என் மேஜைக்கு வரும். முதலில் நான் கண்ணால் பார்ப்பேன். ஓரத்தில் தகட்டைத் தின்று பள்ளம் விழுந்திருக்கிறதா, பொத்தல் இருக்கிறதா, மேடு சமமாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். நான் பாஸ் போட்டால்தான் அந்தத் தகடு வளைக்கிற இயந்திரத்துக்குப் போகும். அங்கே அதைப் பட்டையாக அறுத்து, இரண்டாக மடக்கி, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். இயந்திரம் யார் பிள்ளை என்று பார்க்காது. ஆனால் அதனிடம் போய்ச் சேர என் கண்ணைத் தாண்ட வேண்டும். மூன்று முறை என்னிடம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் எல்லோரும் கேட்பதுதான்.

"எந்த லைன்பா நீ?"

சுரங்கக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். ஒருவன் லைனைச் சொன்னால் போதும். அப்பா எந்த ஷாஃப்டில் இறங்கினார், அவரை எனக்குத் தெரியுமா, அவர் புட்பால் ஆடினவரா என்று பேச்சு வளரும். பையனுக்கு உதறல் நின்றுவிடும். சிரித்துக்கொண்டே போய் முகமூடியை மாட்டுவான். பூதிகோட்டை, பங்காருபேட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் யாராவது ஊர் பெயரைச் சொன்னால், "ஓகோ, சரி, போயி ஆரம்பி" என்பேன். அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் இருக்காது. இரும்பும் இயந்திரமும் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது, உழுகிறவர்களுக்கு அது படியாது என்று எனக்குள்ளே ஒரு எண்ணம். யாராவது அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வருடம் பதினான்கு பேர். அதில் மஞ்சுளா ஒருத்திதான் பெண். பூதிகோட்டையில் தக்காளி போடுகிற குடும்பம். இரண்டு முறை என்னிடம் தோற்றிருந்தாள். மூன்றாவதும் போனால் அண்ணனோடு தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வீட்டில் கெடு. இன்னொருவன் அசோகன். எங்கள் லைனில் நாலு வீடு தள்ளி இருந்த முனிரத்தினத்தின் மகன். முனிரத்தினமும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அசோகனுக்கு முதல் பரீட்சை அது.

சனிக்கிழமை சாயங்காலம் முடிவைச் சொன்னேன். அசோகன் பாஸ். மஞ்சுளா பெயில். மற்றவர்கள் போன பிறகு அவள் தன் தகட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு சாக்பீஸையும் வைத்தாள்.

"சார், எந்த எடம்னு ஸ்வல்ப காட்டுங்க. ஒரே ஒரு கோடு போடுங்க, போதும்."

"ஒரு எடம்னு இல்லம்மா. மொத்தமாப் பாக்கணும். கை இன்னும் வரல."

"எங்க வரல சார்? ஆரம்பத்துலயா, முடிவுலயா?"

தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். கோடு போட எனக்கு ஓர் இடம் அகப்படவில்லை. அகப்படாததுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"எத்தினி வருஷமா இதைப் பாத்துகினு கீறேன். நான் சொன்னா நம்ப மாட்டியா?"

"நம்பறேன் சார். நம்பித்தான் மூணு வாட்டியும் உங்க கிட்ட கேக்கறேன்" என்றாள். அழவில்லை. திங்கட்கிழமை லாக்கர் சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாக்பீஸை எடுத்துக்கொள்ளவில்லை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஸ்டோர்க்காரர் கதவோரம் நின்று கேட்டிருக்கிறார். அவர்தான் நாகராஜப்பாவிடம் சொன்னவர்.

திங்கட்கிழமை காலை நாகராஜப்பா கூப்பிட்டார். அவர் அறையில் பெஞ்சின் மேல் பதினான்கு தகடுகளும் இருந்தன. நம்பர் குத்திய இடத்தில் எல்லாவற்றிலும் கறுப்பு டேப் ஒட்டி, மேலே ஏ, பி, சி என்று எழுதியிருந்தது.

"கௌதமன் அவ்ரே, உக்காருங்க. இன்னொரு வாட்டி பாத்து மார்க் போடுங்க."

"எதுக்கு சார்? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க கண்ணு மேல நம்பிக்கை இருக்கு. அதனாலதான் கண்ணை மட்டும் கேக்கறேன்."

எனக்கு முகம் சிவந்துபோயிற்று. இருந்தாலும் பார்த்தேன். இந்தத் தடவை ஒன்று விடாமல் அளவுகோலை வைத்து அளந்தேன். யாருடையது என்று ஊகிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஊகித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். எஃப் என்று எழுதிய தகட்டைக் கையில் எடுத்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. அடி முதல் நுனி வரை படிய வாரிய சடைப் பின்னல் மாதிரி ஒரே சீராக ஏறியிருந்தது. இது அசோகன் கை, சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். முனிரத்தினத்திடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். எல்லாவற்றிலும் அதிக மார்க் அதற்குத்தான் போட்டேன். கே என்று எழுதியதில் கீழ் ஓரத்தில் பள்ளம், அரை மில்லிமீட்டர் வரைதான் அனுமதி, ஒரு மில்லிமீட்டர் இருந்தது. பெயில் போட்டேன்.

நாகராஜப்பா ஒவ்வொரு டேப்பாக உரித்தார். எஃப் மஞ்சுளாவுடையது. கே அசோகனுடையது. மற்றவற்றில் சனிக்கிழமை போட்ட முடிவே வந்திருந்தது.

பிறகு அவர் பதிவேட்டைத் திறந்து, பழைய பக்கங்களையும் புரட்டி, பெயர்களைச் சொல்லாமல் என் குறிப்புகளை மட்டும் வாசித்தார்.

"'கீழ் ஓரத்தில் லேசான பள்ளம், ராட் சாய்வைச் சரிசெய்தால் போதும், பாஸ்.' 'நடுவில் மேடு கொஞ்சம் அதிகம், வேகத்தைக் கூட்டச் சொன்னேன், பாஸ்.' 'கை வரவில்லை, பெயில்.' 'மேல்முனையில் ஒரு பொத்தல், பயம்தான் காரணம், பாஸ்.' 'கை வரவில்லை.' 'கை வரவில்லை.'"

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிலது பிளேட்டைப் பத்தி எழுதியிருக்கீங்க. சிலது ஆளைப் பத்தி எழுதியிருக்கீங்க. நமக்கு பிளேட்டைப் பாக்கத்தானே வேலை? லிஸ்ட் இன்னும் மேல போகல. கையெழுத்து உங்களுது, மாத்தறதும் உங்க இஷ்டம். நான் டீ குடிச்சிட்டு வரேன்."

அந்த அறையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த நேரம்போல் நீண்ட நேரம் என் வாழ்க்கையில் இல்லை. சனிக்கிழமை வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அப்பா ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஏதோ ஒரு சான்றிதழுக்காக அவரோடு கோலாருக்குப் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தைப் பார்க்கும் முன்னால் கேட்டார், "பூர்வீகம் எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். "சாம்பியன் ரீப்ஸ். அங்க நாங்க பூமிக்குக் கீழ்ப்பக்கம்" என்றார். வெளியே வந்து சிரித்தார். ஆனால் வீடு வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளை நான். நானும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும் தகட்டைப் பார்க்கும் முன்னால் ஊரைக் கேட்டிருக்கிறேன், அதுவும் சிரித்த முகமாக.

பட்டியலில் இரண்டு பெயர்களையும் அடித்து மாற்றினேன். காரணம் என்ற இடத்தில், "முதல் மதிப்பீடு தவறு. தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாகராஜப்பா திரும்பி வந்து படித்தார். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் மஞ்சுளாவின் தகட்டை இரண்டாக மடக்கினார்கள். ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

முனிரத்தினம் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பாஸ்னு சொல்லி, எல்லார் வூட்டுக்கும் ஸ்வீட் குடுத்தாச்சி. இப்போ இல்லேன்ற. வெளியாளுக்கு நீ நல்லவன் ஆவறதுக்கு எம்புள்ளைதான் கெடச்சானா கௌதமா?"

"அளந்து பாத்தேன் முனி. பள்ளம் கீது."

"சனிக்கெழம இல்லாத பள்ளமா?"

சனிக்கிழமையும் இருந்தது, நான்தான் அளந்து பார்க்க விரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து அடுத்த பரீட்சையில் அசோகன் நன்றாகச் செய்து உள்ளே வந்துவிட்டான். அவன் கல்யாணத்துக்கு முனிரத்தினமே வந்து பத்திரிகை வைத்தான். பேசிக்கொள்கிறோம். ஒரே தட்டில் சாப்பிட்ட காலம் மட்டும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பரீட்சை முறையை நாகராஜப்பாவும் நானும் உட்கார்ந்து மாற்றினோம். தகட்டில் நம்பருக்குப் பதில் எழுத்துக் குத்துவது ஸ்டோர்க்காரர், எந்த எழுத்து யாருடையது என்ற பட்டியல் அவரிடம் கவரில். தகடு வரும் வரை எந்தப் பிள்ளையையும் நான் பார்க்கக் கூடாது. பதிவேட்டில் இடமும் மில்லிமீட்டரும் எழுதியாக வேண்டும். "கை வரவில்லை" என்று எழுதக் கூடாது. பெயிலான ஒவ்வொருவருக்கும் தவறு எங்கே என்று தகட்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கோடு போட முடியாவிட்டால் பெயில் போட முடியாது. ஷாப்பில் இதற்கு சாக்பீஸ் ரூல் என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருந்ததால், "இன்னா வாத்தியாரே, இன்னிக்கு இன்னா பாடம்?" என்று என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது. ரிட்டையர் ஆகும் வரை நான் தகட்டைப் பார்த்து இது இன்னார் கை என்று ஊகித்துக்கொண்டுதான் இருந்தேன். கவரைப் பிரித்தால் பாதிக்கு மேல் தப்பாக இருக்கும். ஊகிக்கிற புத்தி போகாது. அது மார்க்கில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடிந்தது.

சரவணனுக்குத் தெரிந்த கதை இத்தோடு முடிகிறது.

மஞ்சுளா வேலையில் சேர்ந்த அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள்.

"எங்க ஊர்ல நாராயணசாமின்னு ஒரு அண்ணா இருக்காரு. எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி உங்க கிட்ட மூணு வாட்டி பெயில். அவரு பிளேட் கீதா சார்?"

பெயிலான தகடுகள் வருடா வருடம் பழைய இரும்புக்குப் போய்விடும். இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள். பதிவேட்டில் பார்த்தேன். பெயர் இருந்தது. எதிரே மூன்று முறையும் அதே இரண்டு வார்த்தைகள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

சரவணனின் நூற்றுக்கு நூறுதான் என்னைக் கிளப்பிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டைக்கு பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்தபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாராயணசாமி வாசலில் டிராக்டர் டிரெய்லரின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிவிட்டார். என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எனக்கு அவர் முகம் நினைவில் இல்லை. மூன்று முறை எனக்கு முன்னால் நின்ற முகம்.

"உக்காருங்க சார். இந்தக் கொக்கி ஒடஞ்சிடுச்சி. பத்த வைக்க பங்காருபேட்டைக்கு எடுத்துனு போகணும்."

"நீயே பத்த வெச்சா இன்னா?"

"எனக்கு வராதே சார்" என்று சிரித்தார். "நீங்கதானே சொன்னீங்க. அதுக்கப்புறம் ராடைக் கையால தொடல."

வந்த விஷயத்தைச் சொன்னேன். மஞ்சுளாவின் தகடு, டேப், பதிவேடு, எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"அப்போ அன்னிக்கு என் பிளேட்டு நல்லா இருந்துதா சார்?"

"தெரியலப்பா. நான் சரியாப் பாக்கவே இல்ல."

நாராயணசாமி உடைந்த கொக்கியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு வந்திருக்குமா சார்?" என்று கேட்டார்.